ஒன்பது கஜமும் ஒரு ஜாண் டயப்பரும்

பட்டுக்கடை விற்பனையாளன் வேலை வேறொன்றும் இல்லை, மீசை வைத்த ஆம்பளை நாள் முழுக்கத் தன் மேல் புடவை போட்டுக் காட்டுகிற தொழில். காஞ்சிபுரத்தில் பதினாலு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கல்யாணப் பெண் மெத்தையில் உட்கார்ந்திருப்பாள், முந்தானை என் தோளில் இருக்கும். "ரொம்ப அழகா இருக்குது" என்பார்கள், என்னைப் பார்த்து அல்ல. துணி உடுத்துகிற விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. பத்து மாதக் குழந்தைக்கு டயப்பர் மாட்டப் போய் மூக்குடைபட்ட அப்பன்மார்களே, இது உங்களுக்குத்தான்.

வாய்க்கொழுப்பு

என் மனைவி கவிதா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பிரசவ லீவும் அதற்கு மேல் போட்ட லீவும் முடியப் போகிற சமயம். காலை ஏழே முக்காலுக்கு அவளுக்கு பஸ். மகன் இனியனைக் கிளப்பி எட்டு மணிக்குக் காப்பகத்தில் விட வேண்டியது என் பொறுப்பு. அவனோ டயப்பரைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவன்.

"உங்களால முடியுமா?" என்றாள். "ஒன்பது கஜத்தையே ரெண்டு நிமிஷத்துல கட்டிக் காட்றவன் நானு. ஒரு ஜாண் டயப்பரு எம்மாத்திரம்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ராஜினாமா கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. "இன்னும் பத்து நாள் இருக்குது. தெனம் காலைல நீங்கதான் அவனைக் கிளப்பணும், நான் கை வெக்க மாட்டேன். பத்தாவது நாள் ஏழரைக்குப் புள்ள ரெடியா இருந்தா பஸ் ஏறுவேன். இல்லன்னா இதுல கையெழுத்துப் போட்டுடுவேன்."

முதல் நாள்

மல்லாக்கப் படுக்க வைத்தேன். குப்புறக் கவிழ்ந்தான். திருப்பினேன். மறுபடி கவிழ்ந்தான். ஜட்டி மாதிரி மாட்டுகிற டயப்பர் அது; ஒரு காலை நுழைத்து இன்னொரு காலைத் தேடினால் முதல் கால் வெளியே வந்துவிட்டது. கடைசியில் இரண்டு காலும் ஒரே ஓட்டைக்குள் போய்ச் சேர்ந்தன. அதோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டான். நானும் புகுந்தேன், என் தலை மட்டும்தான் போனது. கவிதா அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நின்றாள். திரும்பியே பார்க்கவில்லை, கல்நெஞ்சக்காரி!

முக்கால் மணி நேரத்தில் ஒருவழியாக மாட்டினேன். அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பால் பாக்கெட் போட வந்தவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், புள்ளைக்குக் காது குத்தா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வேறு ஒருத்தர் எடுத்து வைத்தது

அன்றைக்கு மத்தியானம் தென்னேரியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் கடைக்கு வந்தது. நாற்பது புடவை பிரித்தாயிற்று. பெண்ணின் அத்தைக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. அந்தம்மா ஏற்கெனவே வேண்டாம் என்று தள்ளிய ஒரு புடவையை மடித்து ஓரமாக வைத்து, "இத வுட்டுடுங்கம்மா, வேற ஒருத்தவங்க எடுத்து வெச்சிருக்காங்க" என்றேன். அவ்வளவுதான், அதுதான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அட, இதை வீட்டிலும் செய்தால் என்ன? மறுநாள் காலை டயப்பரையும் சட்டையையும் என் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "இது உனக்கில்லபா, பக்கத்து வீட்டுப் பாப்பாவுது." பயல் விறுவிறுவென்று தவழ்ந்து வந்து என் லுங்கியைப் பிடித்து எழுந்து நின்றான். நின்ற வாக்கில் மாட்டிவிட்டேன்! எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மூன்று நாள் ஓடியது. அதற்கு அடுத்த நாள் வந்தான், சட்டையை இழுத்தான், கடித்துப் பார்த்தான், தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டான். கடையில் என் பக்கத்து கவுண்டர் செல்வியிடம் இதைச் சொன்னபோது அவள் சொன்னது: "கஸ்டமர் வெவரமாயிட்டாருண்ணா."

ஒரு கப் டீ

ஏழாம் நாள் சட்டையில் கேழ்வரகுக் கூழோடு இருபது நிமிஷம் தாமதமாகக் கடைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட ஒரு வாடிக்கையாளரம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பாவம், ஆம்பளையா இருந்துக்கினு கொழந்தைக்கு எல்லாம் செய்யிறாரு, எந்த ஆம்பளைப்பா செய்வான்?" என்றார். மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்து டீ வரவழைத்தார். வெட்கமில்லாமல் நானும் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தேன்.

தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற செல்வி, புடவையை மடித்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நானும் ரெண்டு புள்ளைங்களக் கெளப்பி வுட்டுட்டுதாண்ணா பத்து வருஷமா வரேன். லேட்டானா திட்டு வாங்கியிருக்கேன், டீ வாங்கினதில்ல."

அக்காவின் கை

ஒன்பதாம் நாள் என் அக்கா வந்தாள், மருமகனுக்கு ஜரிகைக் கரை போட்ட பட்டுச் சட்டையோடு. "தள்ளுடா, நான் போட்றேன்" என்று உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் அக்காவின் கொண்டை அவிழ்ந்தது, வளையல் ஒன்று உடைந்தது, சட்டை இனியனின் வாயில் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்தவள், கவிதாவின் காதில் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள்: "பேசாம அவள வேலைய வுடச் சொல்லு. பொம்பள கைக்குத்தாண்டா புள்ள அடங்கும்."

பத்தாவது நாள்

கவிதா கழுத்தில் அடையாள அட்டையோடு தயாராக நின்றாள். கைப்பையில் அந்தக் கடிதம் இருப்பது எனக்குத் தெரியும். அடி, உதை, நாலு கீறல் எல்லாம் வாங்கி ஏழு இருபத்தைந்துக்கு முடித்தேன். டயப்பர், டவுசர், சட்டை, ஒரு சாக்ஸ். "பாத்தியா!" என்று அவனைத் தூக்கித் தோளில் சாய்த்தேன். அந்த நிமிஷம் பார்த்து முன்பக்கமாக வெதுவெதுப்பாக இறங்கியது. என் சட்டை, பேன்ட் எல்லாம் நனைந்தது. போச்சு!

மணி ஏழரை. கவிதா கைப்பையைத் திறந்தாள். அவள் எடுத்தது புது டயப்பர். அதை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "கழட்டிச் சுருட்டி ஒட்ற டேப்பு இருக்கிறதுதாங்க டயப்பருக்குப் பின்பக்கம். பத்து நாளா மாத்திதான் போட்டுக்கினு இருந்தீங்க. சொன்னா 'அப்ப நீயே போடு'ன்னு குடுத்துடுவீங்க, நான் வீட்லயே ஒக்காந்துடுவேன். அதான் பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். இப்ப பஸ் வந்துடும், போறேன்." போய்விட்டாள். இந்த வேலை மேல் அவளுக்கு இவ்வளவு உயிரா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

துணியைத் தொட்டாலே நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று சொல்லிவிடுவேன் என்று கடையில் பீற்றிக்கொள்வதை மட்டும் இப்போது கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.