மிச்சம் இருந்த ஒரு பின்

எங்கள் மொன்டானா பனிச்சறுக்கு மலையில், ஆட்களை நாற்காலியில் உச்சிக்கு ஏற்றும் லிஃப்டுக்கு வெர்ன் ஹால்கிரன் இருபத்தாறு வருடம் மெக்கானிக். ஒருநாள்கூட அவர் காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டியதில்லை. "வழுக்கி விழுறதுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்!" என்பார்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நானும் அவரும் எண்பத்து நான்கு கவ்விகளைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுவோம். நாற்காலியைக் கம்பி வடத்தோடு பிடித்திருப்பது கவ்விதான். நிலையத்துக்குள் வந்ததும் வடத்தை விடும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி பிடிக்கும். அதன் அச்சு நழுவாமல் காப்பது கால் பிளந்த விரல் நீளக் கம்பி, ஸ்பிளிட் பின் ஒன்று.

வெள்ளிக்கிழமை லிஃப்ட் திறப்பு. புதன் மதியம் கடைசிக் கவ்வியை மாட்டிவிட்டுப் பார்த்தால், புதுப் பின்களைக் கொட்டி வைத்திருந்த டப்பாவில் ஒன்று மிச்சம்.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருப்பான், கிழவா. வீட்டுக்குப் போய்ச் சேரு," என்றேன்.

"எண்ணித்தான் கொட்டினேன், ரமோனா. எண்பத்து நாலு."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். வசந்த காலத்திலிருந்தே அவருக்கு வலது கை நடுக்கம். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். "கோப்பை அவ்வளவு கனமா?" என்று நானே கிண்டலடித்திருக்கிறேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நேரே மேலாளர் டுவேனிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏதோ ஒரு கவ்வியில பின் இல்ல, டுவேன். எனக்குக் கை நடுங்குது. நான்தான் விட்டிருப்பேன். எல்லாத்தையும் திறந்து பாத்தாகணும்."

"எப்பலேர்ந்து நடுங்குது?"

"ஏப்ரல்லேர்ந்து."

டுவேன் கையை நீட்டினார். வெர்ன் பட்டறைச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். இனி அவருக்குக் கார் நிறுத்துமிடத்தில் வேலை என்று முடிவாயிற்று.

மறுநாள் நன்றியறிதல் பண்டிகை; ஊரே வீட்டில் உட்கார்ந்து வான்கோழி தின்றுகொண்டிருக்க, நானும் வேறு இரண்டு பேரும் கவ்விகளைத் திறந்தோம். அறுபத்தேழாவதில் பின் இல்லை. துளை காலியாக இருந்தது. மாட்டியவர் பெயரெழுத்து ஒவ்வொரு கவ்வியின் அட்டையிலும் இருக்கும். திருப்பிப் பார்த்தேன். என்னுடையது.

டுவேனிடம் போய்ச் சொன்னேன்.

"சொன்னது நல்லது. அதுக்காக அவரு கை நடுங்கலன்னு ஆயிடுமா? திரும்ப எப்படிப் பட்டறைக்குள்ள விடுறது?" என்றார்.

வெள்ளி காலை வெர்ன் ஆரஞ்சு நிறச் சட்டையில் கார்களை வரிசைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

வந்த காரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா, கையப் பத்தி மூச்சே விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும், வெர்ன்."

"அப்போ எப்ப சொல்லியிருப்பேன்? யாராச்சும் விழுந்த பிறகா?"

அவருக்குப் பின்னால் நாற்காலிகள் ஆட்களோடு மேலே போய்க்கொண்டிருந்தன. ஒரு கார் ஹாரன் அடித்தது.

"நகரு, வழிய மறைக்கிற," என்றார்.