பச்சோந்தி குடித்த தண்ணீர்

மகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும்போதெல்லாம், ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் இருந்த முள்காடும், அங்கிருந்து நானும் அக்காவும் எடுத்துவந்து வளர்த்த பச்சோந்தியும் நினைவுக்கு வருகின்றன. கத்திரி வெயிலில் ஒருநாள் அது கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, கிளையைப் பற்றவும் வலுவில்லாமல் கிடந்தது.

“இன்னாடி, செத்துப்போச்சா? தூக்கி காட்டுல போட்டுட்டு வாங்க,” என்றாள் அம்மா.

“சாவலம்மா, மூச்சு வுட்டுகினு கீது,” என்றாள் அக்கா.

கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பியும் பார்க்கவில்லை. இங்க் ஃபில்லரால் வாயோரம் சொட்டினோம், வழிந்து போனது. அக்கா விடவில்லை. ஒரு வேப்பங்கொத்தை நனைத்து அதன் முகத்துக்கு நேரே கட்டினாள். இலை காயக் காயத் தெளித்தபடி, ஈர மண்ணும் வேப்பிலையும் கலந்த வாசனைக்குள், விளையாடப் போகாமல், மாறி மாறிக் காவல் இருந்தோம். மறுநாள் மாலை அதன் ஒரு கண் மட்டும் மெல்லச் சுழன்று, இலை நுனியில் நின்ற துளியைப் பார்த்தது. வாய் திறந்து அதை நக்கியது. பிறகு அடுத்த துளியை.

“தள்ளுங்கடி, இல காஞ்சிகினு கீது,” என்று சொம்போடு வந்து உட்கார்ந்தாள் அம்மா.

உடம்பில் பச்சை ஏறி, அது வெட்டுக்கிளிகளை நாக்கால் இழுக்கத் தொடங்கிய பிறகும், அந்தச் சொம்பை அவள் எங்களிடம் தரவே இல்லை.