கீழ்க்கட்டளையில் நின்ற மின்சாரக் கார்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சேலையூரிலிருந்து என் கணவர் சேகரின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூர் வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். ஐந்து வருடம் ஓடிய மின்சாரக் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறோம்.

நான் மாம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. போன வருடம் பள்ளி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விழுந்து முழங்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. கூடிவிட்டது, நடக்கிறேன், பஸ் படி மட்டும் ஆகவில்லை. பெட்ரோல் கார் வாங்கி தினமும் போக வர ஓட்டினால் சம்பளத்தில் பெரும்பங்கு பெட்ரோலுக்கே போய்விடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தொடர்வேனா, மாட்டேனா என்று சொல்லிவிடும்படி தலைமையாசிரியை கேட்டிருந்தார்.

சேகருக்கு பேட்டரியை நினைத்துப் பயம். செல்போன் பேட்டரி மாதிரி நாலைந்து வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றப் போனால் இன்னொரு பழைய கார் வாங்கும் பணம் ஆகும் என்று அவருடைய அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் போனிலேயே விற்பவரிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: காருக்கு சார்ஜ் போடக் கூடாது. இருப்பதை வைத்து வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என்று சுற்றி நாவலூருக்கே திரும்புவோம். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அவர் ஒப்புக்கொண்டார்.

விற்பவர் பெயர் பிரவீன். முப்பது வயது இருக்கும். ஓஎம்ஆர் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். மனைவிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே பார்த்திருக்கும் வாடகை வீட்டில் சார்ஜ் போட வசதியில்லை என்றார். விலை ஆறரை லட்சம். திரையில் சார்ஜ் ஐம்பத்தெட்டு சதவீதம் காட்டியது.

நான் ஓட்டினேன். பக்கத்தில் சேகர், பின்னால் பிரவீன். கேளம்பாக்கத்தில் வலப்பக்கம் திரும்பி வண்டலூர் சாலையைப் பிடித்தோம். புதுப்பாக்கம் தாண்டியதும் புதுக் குடியிருப்புகளும் அவற்றுக்கு நடுவே விலைப்பலகை நட்ட காலி மனைகளுமாக வந்தன. மாம்பாக்கத்தில் எங்கள் பள்ளிக் கதவு பூட்டிக் கிடந்தது. வேகத்தைக் குறைத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனேன். காரில் சத்தமே இல்லை. ஏசி ஓடியும் சார்ஜ் நிதானமாகத்தான் இறங்கியது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்குப் போகும் குடும்பங்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தபோது நாற்பத்தாறு.

தாம்பரத்தில் காபிக்கு நிறுத்தினோம். ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று பிரவீனைக் கேட்டேன். சிறுசேரியில் அலுவலகம், போக வர பத்து கிலோமீட்டர்கூட இல்லை, ராத்திரி வந்ததும் சார்ஜில் போட்டுவிடுவேன் என்றார். "அறுபதுக்குக் கீழ நான் இறங்க விட்டதே இல்ல மேடம். நீங்க சொன்னதாலதான் இந்த வாரம் சார்ஜ் போடல." அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நல்லபடியாக வைத்திருக்கிறார் என்றுதான் நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஜிஎஸ்டி சாலையில் குரோம்பேட்டை நெரிசலைக் கடந்து, பல்லாவரத்தில் துரைப்பாக்கம் போகும் சாலைக்குத் திரும்பினோம். கீழ்க்கட்டளை மேம்பாலத்தில் ஏறும்போது திரையில் முப்பத்தாறு. இறங்கி முடிக்கும்போது பார்க்கிறேன், பதினொன்று. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதினொன்றுதான். திரையில் சின்னதாக ஓர் ஆமைப் படம் வந்தது. எவ்வளவு மிதித்தாலும் கார் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. பின்னாலிருந்த மாநகரப் பேருந்தின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஊர்ந்துகொண்டே மேடவாக்கம் சாலையில் திரும்பி, திறந்திருந்த ஒரு மாவு மில்லின் முன்னால் நிறுத்தினேன். மில்லை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருவம்வரை மாவு படிந்திருந்தது. பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது. எட்டிப் பார்த்து, "இன்னாமா, வண்டி நின்னுக்கிச்சா?" என்றார். மின்சாரக் கார், சார்ஜ் போட வேண்டும் என்று விளக்கினேன்.

"ப்ளக்கு கீது. ஆனா இன்னும் மூணு பேரு அரிசி கீது. ரெண்டையும் ஒண்ணா ஓட்டினா ஃபியூசு பூடும். அரைச்சிட்டுத் தரேன், குந்துங்க."

அரிசி அரைபடும்வரை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மில் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. இயந்திரம் நின்றதும் சேகர் திரும்பி, "தெரிஞ்சேதான் எங்க தலைல கட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பிரவீன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கே இப்பதான் தெரியும் சார்" என்றார். சேகர் நம்பவில்லை. எனக்கு நம்பலாம் என்று தோன்றியது. தெரிந்தவராக இருந்தால் இந்தச் சுற்றுக்கே சம்மதித்திருக்க மாட்டார். நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, குறையும்போது தடுமாறுகிற பேட்டரி இது. அவர் ஒருநாளும் குறைய விட்டதில்லை. அதனால் பேட்டரியின் குறையும் கண்ணில் படவில்லை. இதைச் சேகரிடம் சொன்னேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கார் சார்ஜில் இருக்கும்போதே பிரவீன் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார். பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம் உண்டு, இப்படித் திடீரென்று இறங்குவதும் அதில் அடங்கலாம், கொண்டு வாருங்கள், சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பேட்டரி முழுதாகச் செத்தால்தான் உத்தரவாதம் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் முப்பதுக்குக் கிட்டே வந்தது. கஸ்தூரி அம்மா கரண்டுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இந்தக் கார் வாங்குகிற மாதிரியா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஏசி போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக நாவலூர் திரும்பினோம். பிரவீன்தான் ஓட்டினார். வண்டியை நிறுத்திய உடனே அவருக்குப் போன் வந்தது. காரைக் கேட்டு இன்னொருவர். "இப்ப வேணாங்கண்ணா. பேட்டரில ஒரு பிரச்சினை, சார்ஜ் கீழ எறங்கினப்புறம்தான் தெரியுது. சரி பண்ணிட்டுதான் காட்டுவேன்" என்று சொல்லி வைத்தார்.

ஸ்கூட்டரில் வரும்போது சேகர் சொன்னார்: "நாம பக்கத்துல நிக்கறோம்னு போன்ல அப்படிச் சொன்னான். நாளைக்கு ஃபுல் சார்ஜ் போட்டு வேற யாருக்காவது காட்டினா யாருக்குத் தெரியும்?"

ஜூன் வந்தது. கார் இல்லாமலே, தொடர்கிறேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எடுத்த முடிவு. தினமும் ஆட்டோவில் போய் வந்தேன். வாரக் கடைசியில் செலவைக் கூட்டிப் பார்க்கவே மனசு வரவில்லை. இரண்டாவது வாரம், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பிரவீன் அழைத்தார். பேட்டரிக்குள் ஒரு பகுதி வலுவிழந்திருந்ததாம். உத்தரவாதத்தில் பேட்டரியையே மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம்.

"உங்களாலதான் மேடம் கண்டுபிடிச்சது. உங்களுக்கு வேணாம்னாதான் மத்தவங்ககிட்ட சொல்லணும்னு இருக்கேன். ஆனா விலையைக் குறைக்க முடியாது."

சேகர் இன்னொரு முறை அதே சுற்று சுற்ற வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு சுற்றினோம். இந்தமுறை அவரே திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். கீழ்க்கட்டளைப் பாலத்தில் ஏறி இறங்கினோம், மேடவாக்கம் கடந்தோம், நாவலூரில் நிறுத்தும்வரை எண் ஒவ்வொன்றாகத்தான் இறங்கியது. பிரவீனிடம் கை கொடுக்கும்போது, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சேகர் சொன்னார். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன் சார் என்றார் அவர்.

பெயர் மாற்றும் வேலையெல்லாம் முடிந்து காரை எடுத்து வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. பள்ளிக்குப் போகிற சாலை வழியாகவே வீட்டுக்கு ஓட்டினேன்; வண்டலூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. மடியில் வைத்திருந்த காகிதங்களைப் படித்துக்கொண்டு வந்த சேகர், புதுப் பேட்டரிக்கும் பழைய கணக்குத்தான், உத்தரவாதம் இன்னும் மூன்று வருடம்தான் என்றார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

"நீ ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கே. ஒரு வருஷம் உதைக்குதே."

"அந்த ஒரு வருஷத்தை அப்ப பாத்துக்கலாம்" என்றேன். சிக்னலில் பச்சை விழுந்தது. ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் பக்கம் திருப்பினேன்.