தலைகீழாய் நின்ற கொக்கு

எங்கள் அக்காள் கொக்குப் படம் வரைந்த ஆறு கண்ணாடித் தம்ளர்களைப் பல ஆண்டுகள் ஷோகேஸில் கவிழ்த்தே வைத்திருந்தேன். கொக்கு தலைகீழாக இருந்தது, கவிழ்த்தால் நிமிர்ந்தது. ஓவியம் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய எனக்கு எட்டிய தீர்வு அவ்வளவுதான். வருகிறவர்களிடம், "பட்டறையில தப்பா அடிச்சிட்டான்" என்று அக்காளுக்காகப் பரிந்து வேறு பேசியிருக்கிறேன்.

அக்காள் பிறந்தது சேரன்மகாதேவி. அத்தான் காலமான பின், மகளை வளர்க்க, பாளையங்கோட்டையில் தம்ளர்களில் படம் பதிக்கும் பட்டறைக்கு வரைந்து கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் பக்கத்துக் கல்யாணங்களுக்குப் பரிசாக வந்த தம்ளர் செட்டுகள் பலவற்றில் அக்காள் போட்ட பூக்கள்தான். ஒன்றிலும் பெயர் கிடையாது.

கடைசியாக வரைந்தது கொக்கு. முதல் பெட்டியைப் பார்த்த முதலாளி, "கொக்கு செத்துல்லா கெடக்கு. அம்மாவுக்குக் கை தடுமாறிட்டு" என்று எல்லோர் முன்பும் சொன்னார். அந்தப் பெட்டியை அக்காளிடமே தள்ளிவிட்டு, படத்தைத் திருப்பி அடித்து விற்றார். அக்காள் அந்தத் தம்ளர்களை உறவினர் வீடுகளுக்கு ஆறாறாகக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வேலை தரவில்லை. உறவினர்களாகிய நாம் "வயசாயிட்டுல்லா" என்று முடித்துக்கொண்டோம். அக்காளுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

அக்காள் நோயில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த சித்தப்பாவுக்கு வேறு தம்ளர் அகப்படாமல் கொக்குத் தம்ளரில் மோர் கொடுத்தோம். நம் வழக்கப்படி உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். கடைசி மடக்கில் அவர் வாய்க்கு மேலே தம்ளர் கவிழ்ந்தது. எதிரே இருந்த எங்களுக்குக் கொக்கு நேராக நின்றது.

"இப்பம் பாருலே" என்றார்கள் அக்காள்.

"முதல்லயே சொல்லக்கூடாதாக்கா?"

"குடிப்பியன்னுல்லா நெனச்சேன்."

"முதலாளிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். தம்ளர் விக்கதுக்கும்மா, குடிக்கதுக்கு இல்லன்னுட்டாரு."

அந்த மாதமே அக்காள் சிவபதம் அடைந்தார்கள். அவர்களுக்குக் கை தடுமாறவில்லை. இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் போனால், இதை அந்த முதலாளியின் காதில் விழும்படி சொல்ல வேண்டுகிறேன்.

இரவு பகலாக உடனிருந்த மதினிக்கும், வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், பதினாறாம் நாள் தத்தம் ஷோகேஸைத் திறந்து அந்தக் கொக்குத் தம்ளர்களைக் கொண்டுவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பந்தியில் அவற்றில் மோர் ஊற்றி, அக்காளுக்கு மரியாதையாக எல்லோரையும் ஒரே நேரத்தில் அண்ணாந்து குடிக்கச் சொன்னேன். குடித்தார்கள்.

சித்தப்பா மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாரும் சேந்து அண்ணாந்தா, கொக்க யாருலே பாக்கது?"