கொச்சங்காடி கிடங்கில் சிஸ்டம் மாற்றிய சனிக்கிழமை

1. மேசைக்கு வந்தது

மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஏலக்காயும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். ஊர் போடி. படிப்பு ஐந்தாம் வகுப்பு, தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கிலீஷில் எண்ணும் பெரிய எழுத்தும் தெரியும். சேர்த்துப் படிக்க வராது.

மூட்டை தூக்கத்தான் வந்தேன். முதுகு விட்டுப்போய், இனி பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சமயம் லேபிள் அடிப்பவர் கல்ஃபுக்குக் கிளம்ப, முதலாளி அஷ்ரஃப் இக்கா என்னை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தார்.

"இதெல்லாம் வாயிக்கத் தெரியும்ல்லே முருகேசா?"

வாயிக்க என்றால் படிக்க. வராது என்று சொல்லக் கூச்சம். தலையாட்டிவிட்டேன்.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் மூன்றாவது வரிசையில் இரண்டாவது ஃபைல், எட்டு எம்.எம். ஏலம். அதற்குக் கீழே ஏழு எம்.எம். கடைசி வரிசை முழுக்க மிளகு. பிரிண்டர் படத்தை அமுக்கினால் லேபிள் வரும். எங்கள் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு: எந்த லேபிள் அடித்தாலும் முதல் தாளை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அந்தச் சரக்கில் ஒரு மணியையும் டேப் போட்டு ஒட்டி வைப்போம். பின்னால் பிரச்சனை வந்தால் பார்க்க. மேசைக்கு வந்த எட்டு வருடத்தில் ஒரு லேபிள்கூட மாறிப் போனதில்லை.

2. இக்கா சொன்ன வழி

போன வருடம் ஒரு நாள் ஸ்கிரீன் முழுக்க ஏதோ அறிவிப்பு வந்து நின்றது. காக்கநாட்டிலிருந்து சர்வீஸுக்கு வரும் ஜோஜி அதைப் படித்து என்னிடம் சொன்னான்.

"சேட்டா, விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது. புதுசு இந்த லேப்டாப்பில கேறாது, அத்தரைக்குப் பழசு. ஒண்ணுகில் புது லேப்டாப் வாங்கணும், அல்லெங்கில் இதுலயே லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடணும்."

"புதுசு வாங்கிக்கலாம்," என்றார் பக்கத்தில் நின்ற இக்கா. "கம்ப்யூட்டர் படிச்ச ஒரு பெண்குட்டியையும் வைக்கலாம். முருகேசன் கேட்டுல காவலுக்கு இருக்கட்டே. முதுகுக்கும் நல்லதல்லே?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மேசையை விட மனமில்லை. அவரிடம் எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"இக்கா, லினக்ஸை நான் ஓட்டிப் பார்க்கறேன்."

"அது எந்தாண்ணு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. பார்க்கறேன்."

இக்கா சிரித்தார். "நடக்கட்டே. அடுத்த லோடுக்கு லேபிள் அதுலேந்து வரணும். வரல்லேன்னா புதுசு."

3. வெள்ளிக்கிழமை மதியம்

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இக்காவும் ஆட்களும் பள்ளிவாசலுக்குப் போவார்கள். இரண்டு மணி நேரம் கிடங்குக்கு நான்தான் காவல். ஜோஜி ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தான். அதைச் செருகி ஆன் செய்தால், பழைய சிஸ்டத்தைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் மொழிகளின் பட்டியல் வந்தது. பாதிக்குமேல் எனக்குக் கோடும் சுழியும்தான். கீழே நகர்த்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில் 'தமிழ்' என்று இருந்தது. அமுக்கினேன்.

ஸ்கிரீன் முழுக்கத் தமிழாக மாறியது. 'சேமி' என்று இருந்தது. 'அச்சிடு' என்று இருந்தது. சில சொற்கள் புரியவில்லை, ஆனால் வாய்விட்டுப் படிக்க முடிந்தது. ஆள் இல்லாத கிடங்கில் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். மூன்று வெள்ளிக்கிழமை பழகினேன். ஒரு சோதனைத் தாள் அடித்தேன், பிரிண்டரும் ஓடியது.

4. அறுபத்துமூன்று ஃபைல்

லோடு போகும் சனிக்கிழமை காலையில் ஜோஜி வந்தான்.

"எல்லாம் காப்பி எடுத்தாச்சா சேட்டா? அழிச்சா திரும்பக் கிட்டாது."

"எடுத்தாச்சு."

அழித்து லினக்ஸ் போட்டான். நான் காப்பி எடுத்திருந்த வேறொரு பென்டிரைவிலிருந்து ஃபைல்களை டெஸ்க்டாப்பில் இறக்கினேன். மொத்தம் அறுபத்துமூன்று, எல்லாம் இருந்தன. ஆனால் எதுவும் பழைய இடத்தில் இல்லை. பெயர் வரிசைப்படி வந்து உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது வரிசை இரண்டாவது ஃபைல் இப்போது எதுவோ. ஜோஜி குனிந்து படித்தான். கல்ஃபுக்குப் போனவர் வைத்த பெயர்கள். "நியூ, நியூ டூ, ஃபைனல், ஃபைனல் நியூ... உள்ளே தொறந்தாலும் கிரேடு நம்பர் மாத்ரம். இதுல ஏலம் ஏது, மிளகு ஏது?"

"தெரியாது ஜோஜி. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இத்தனை நாளும் இடம் பார்த்துத்தான் அடிச்சேன்."

"எட்டு வர்ஷமா? கண்ணக் கட்டிட்டு பைக் ஓட்டின மாதிரியோ?"

நிமிர்ந்தால் பின்னால் இக்கா நின்றிருந்தார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"இக்கா, அன்னைக்கு நான் தலையாட்டினது பொய்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நாலு மணிக்கு லாரி. லேபிள் வருமோ?" என்று மட்டும் கேட்டார்.

"வரும்."

நோட்டை எடுத்தேன். ஒரு ஃபைலைத் திறப்பது, அதே மாதிரி ஒட்டிய தாளைத் தேடுவது, எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது, ஒட்டிய மணியைப் பார்ப்பது. பொருந்தியதும் ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தேன்: 'ஏலம் 8', 'ஏலம் 7', 'மிளகு பெரியது'. ஜோஜி சாயா வாங்கிவந்து வைத்தான், ஆறிப்போனது. இரண்டரை மணிக்கு அறுபத்துமூன்றாவது முடிந்தது. லேபிள் அடித்தோம், பெட்டிகளில் ஒட்டினோம், லாரி போனது.

5. மேலே மூன்றாவது

திங்கட்கிழமை நான் வரும்போது இக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார்.

"எடா, இது முழுக்க உன் தமிழல்லே? நான் எங்ஙனெ பிரிண்ட் எடுக்கறது?"

"மேலே இடதுபக்கத்திலேந்து மூணாவது படம் இக்கா. அமுக்குங்க."

அமுக்கினார். லேபிள் வந்தது. தாளையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். எட்டு வருடம் என் முகம் அது.

அன்று மதியமே ஜோஜியிடம் கேட்டு, இக்காவுக்கு மலையாளத்தில் தனி லாகின் போட்டுக் கொடுத்தேன்.

சிஸ்டம் மாற்றலாமா என்று இப்போது பக்கத்துக் கிடங்குக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்; பிரிண்டர் ஓடுகிறதா பாருங்கள்; அழிப்பதற்கு முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் உங்களுக்குப் புரிகிற பெயர் வையுங்கள். உங்களுக்கு எது தெரியாதோ, அதையும் அழிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் அழித்த பிறகு சொன்னேன்.