இடப்பக்க வகிடு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அன்றைக்குக் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அலுவலகத்தார் மாதிரிக்கென்று தந்துவிட்ட லேபலை நாலாக வெட்டி அடுப்பில் போட்டேன். நல்ல பருத்தித் துணி, வஞ்சகமில்லாமல் எரிந்தது.

யுத்த காலம். தேற்றாத்தீவில் நாங்கள் ஆறு பெண்கள் ஒட்டு விரிப்புத் தைத்துக்கொண்டிருந்தோம். காத்தான்குடித் தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை மூட்டையாக வாங்கி வருவோம். அவற்றைச் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் பழைய சேலையும் வைத்து, எல்லாம் சேர நூலோட்டினால் ஒரு கட்டில் விரிப்பு ஆகிவிடும். பட்டணத்தில் பெண்களுக்கு உதவவென்று நடந்த ஒரு அலுவலகம் அவற்றை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. எங்கள் அடுப்பு அதனால் எரிந்தது, அதை மறுக்க மாட்டேன்.

பிறகுதான் லேபல் வந்தது. விரிப்பின் மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு, அதில் தைத்தவளின் படமும் அவளைப் பற்றி ஒரு வரியும் பதிந்திருக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் இருந்த வரிக்குக் கீழே தமிழிலும் போட்டிருந்தார்கள்: 'போரில் கணவனை இழந்த பெண் தைத்தது.' ஆறு பேருக்கும் அதே வரிதான். படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

என் புருசன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாவியில் வலை வீசிவிட்டு வந்த மனிதர், நல்ல பசி. வாசித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சோறு எனக்குத் திங்கவா, படைக்கவா?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தாள். மச்சாள் என்றால் என் புருசனின் தங்கை, அவளுக்கு நானும் மச்சாள்தான். அவளுடைய புருசன் எனக்கு அண்ணன் முறை. வட்டையில் வயல் வேலைக்குப் போன இடத்தில் ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டு, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனவர். மூன்று வருசமாயிற்று. எந்த வாசலில் போய்க் கேட்டாலும் இங்கே இல்லை என்றார்கள். செத்துவிட்டார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மச்சாள் பொட்டும் வைத்தாள், தாலியும் போட்டாள், அதைப் பற்றிப் பின்னால் பேசியவர்களை முன்னால் வந்து பேசச் சொன்னாள்.

அவள் லேபலை வாங்கி வாசித்தாள். சிரிக்கவில்லை. மடித்து என் கையில் தந்துவிட்டுத் துண்டு வெட்டக் குந்தினாள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பகிடியாக இருந்த வரி அவளுக்குச் சாவுச் செய்தி. அதை அவளே அச்சடித்து, அவளே தைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

லேபலை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். செலவு மிச்சமாம். அங்கேதான் அவர்கள் பிழைவிட்டார்கள். அச்சடிப்பது எங்கள் கையில் என்றால் எதை அச்சடிப்பது என்பதும் எங்கள் கையில்தானே?

செய்கிற விதம் லேசு. படத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, மை பட்ட பக்கத்தைத் துணியில் கவிழ்த்து வைக்க வேண்டும். பின்பக்கத்தை, பெயின்ற் கரைக்கிற தின்னரில் நனைத்த பஞ்சால் ஒற்றிக் கரண்டி முதுகால் அழுத்தித் தேய்த்தால் மை துணிக்கு இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்திரிக்கைப்பெட்டி பிடிக்க வேண்டும். எங்களுடையது சிரட்டைக்கரிப் பெட்டி. காய்வதற்குள் அவசரப்பட்டு நான் பிடித்த முதல் துண்டு குப்பென்று பற்றி, என் புருவத்தில் பாதியையும் கொண்டுபோனது. தின்னரைக் கொண்டுவந்ததும் ஒரு பாடு. காவலரணில் ஒரு ஆமிக்காரன் போத்தலை மோந்து பார்த்து, பாதியை மணலில் ஊற்றிக் காட்டச் சொன்னான். ஊற்றினேன். மிச்சப் பாதி எனக்குப் போதும் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

புதுத் துணியில் கஞ்சிப்பசை இருக்கும், மை பிடிக்காது. தோய்த்துத் தோய்த்து மெத்தென்றாகிவிட்ட வெள்ளை வேட்டிதான் தோது. மச்சாளின் றங்குப்பெட்டிக்குள் அவருடைய வேட்டி ஒன்று மடித்தபடி இருப்பது எனக்குத் தெரியும். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அவரு வந்தா எதைக் கட்டுற, மச்சாள்?"

இதை அழுதுகொண்டு கேட்டிருந்தால் நான் தேற்றியிருப்பேன். கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள். நான் போய் என் புருசனின் வேட்டியை எடுத்து வெட்டினேன். அவர் கத்தினார். உயிரோடு இருக்கிற புருசனால் இதற்காவது பயன் இருக்கட்டும் என்றேன்.

லேபலில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குக் குழப்பமே வரவில்லை. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடும் பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்கிறவர். கோயிலில் கேட்டாலும் தாயின் குடியைத்தான் சொல்வோம். புருசன் இருக்கிறானா இல்லையா என்பதை வைத்து எங்களை அடையாளம் கண்ட ஊரா இது? அவளுடைய பெயர், அவளுடைய குடி, தேற்றாத்தீவு. மூன்றையும் ஒரு தாளில் கறுப்பு மையில் நானே எழுதினேன். படத்துக்கு மச்சாள் தன் கலியாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அவளிடம் இருந்த ஒரே படம் அதுதான். இரண்டு பேரும் நிற்கிறார்கள், அவள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

இரண்டையும் கொப்பி எடுத்து வந்து, தேய்த்துத் தாளை உரித்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு கிடந்தது. கவிழ்த்து ஒற்றினால் புரளும் என்று இரண்டு மரமண்டைகளுக்கும் உறைக்கவில்லை. எழுத்தை ஊசியால் தைத்துவிடலாம், படம் இருக்கட்டும் என்றேன். படத்திலும் அவளுடைய சேலைத் தலைப்பு வலத் தோளுக்குப் போயிருந்தது, அவருடைய சட்டைப்பை வலப்பக்கம் வந்திருந்தது. வெளிநாட்டில் யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்?

மச்சாள் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவரில்ல, மச்சாள். அவருக்கு வகிடு இடப்பக்கம்."

தன் சேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருசத்தில் நான் அவருடைய வகிட்டை மறந்துபோயிருந்தேன். அண்ணன் அண்ணன் என்று வாய் கிழியச் சொன்னவள் நான்.

அடுத்த நாள் படத்தையும் எழுத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி காத்தான்குடிக்குப் போனேன். கொப்பிக்கடை முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாத்திமார் சுவரில் படம் காட்டப் பாவிக்கிற கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்தார். சாதாரணப் பொலித்தீன் போட்டால் மெசினுக்குள் உருகி ஒட்டிவிடுமாம். கண்ணாடித்தாளில் முதலில் கொப்பி எடுத்து, அதைப் புரட்டி வைத்துத் தாளில் இன்னொரு கொப்பி எடுத்தார். புரண்ட படம் கிடைத்தது. இனித் துணியில் ஒற்றினால் நேராகிவிடும். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டார். அண்ணன் என்றேன்.

"இருக்காரா?"

"தேடுறம், நானா."

அவர் மெசின் கண்ணாடியைச் சாரன் தலைப்பால் துடைத்து, கொப்பி மங்கல் என்று சொல்லி இன்னொன்று எடுத்து, கண்ணாடித்தாளையும் சேர்த்துத் தந்தார். அந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு அந்தக் கேள்விக்குப் பழகியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் வைத்து ஒற்றினோம். எழுத்து நேராக வந்தது. தலைப்பு இடத் தோளுக்கு வந்தது. மச்சாள் குனிந்து பார்த்து, ஓம் என்றாள். அன்றைக்கே மூலையில் வைத்துத் தைத்தாள். என் விரிப்புக்கும் என் பெயரும் குடியும் போட்டேன், பல் தெரியச் சிரிக்கிற படமாகப் பார்த்து.

விரிப்புகளைக் கொடுக்கும் நாளில் ஆறு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். மற்ற நாலு பேரும் அவர்கள் தந்த வரியையே போட்டிருந்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று பேருக்கு அது உண்மை, நாலாமவளுக்குப் பசி. விரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் எங்கள் இரண்டு லேபலையும் பார்த்தார். கெட்ட மனுசி இல்லை, முன்பு எங்களுக்காக அலைந்தவர்தான். ஆம்பிளையின் படம் எதற்கு, குடி என்றால் அங்கே யாருக்கு விளங்கும், வாங்குகிறவர்களுக்கு மனம் இளகினால்தானே அடுத்த ஓடர் வரும் என்று தன்மையாகத்தான் சொன்னார். இரண்டையும் பிரித்துவிட்டு வேறு லேபல் வைத்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு படிவத்தை எடுத்து, மச்சாளின் பெயருக்கு நேரே கணவர் என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"இறந்தவர் எண்டு போடுறன், என்ன?"

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"போடுங்க மிஸ். எங்க புதைச்ச எண்டும் பக்கத்தில எழுதுங்க. நான் போய்ப் பார்க்கோணும்."

மிஸ்ஸின் பேனா அந்த இடத்திலேயே நின்றது. மச்சாள் தன் விரிப்பை மேசையிலிருந்து எடுத்து, லேபல் வெளியே தெரியும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நானும் என்னுடையதை எடுத்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இனி வேலை இல்லை என்பது எனக்கு உறைத்தது. மச்சாளிடம் சொன்னேன். நாளைக்கு இறால் உரிக்கப் போவோம் என்றாள்.

அன்றிரவு என் விரிப்பைப் போர்த்துக்கொண்டு என் புருசன் குறட்டை விட்டார். அவளுடையது அவள் கட்டிலில் கிடந்தது. தின்னரில் ஒற்றிய மை தோய்க்கத் தோய்க்க மங்கும். மங்கினால் என்ன, கண்ணாடித்தாள் என்னிடம்தானே இருக்கிறது. யுத்தம் முடிவதற்குள் நாலு தடவை அந்த லேபலை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் தாளை உரித்ததும் அவள் முதலில் வகிட்டைத்தான் பார்த்தாள். நாலு தடவையும் அது இடப்பக்கம்தான் இருந்தது.