தார்ப்பாய் இல்லாத லோரி

முருகன் அடியார்களுக்கு வணக்கம். என் கூடப்பிறந்த அண்ணன் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, என்னையும் என் இரண்டு பிள்ளைகளையும் மழையில் கைவிட்டான். அதைச் சொல்லாமல் முருகன் செய்த உதவியைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசி. மலைமேல் கோலா தெர்லாவில் முட்டைக்கோசுத் தோட்டம் வைத்திருந்தோம். பள்ளி விடுமுறைக்கு ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்குவது எங்கள் வழக்கம். கூடாரம் என்றால் அண்ணனின் லோரியில் காய்கறி மூடும் தார்ப்பாய்தான். அதை மரத்தில் கட்டி, கல்லடுப்பில் சோறாக்குவோம். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா.

கணவர் தவறிய பிறகு வந்த முதல் டிசம்பர் அது. பிள்ளைகள் கெஞ்சினார்கள். எனக்குப் பயம். மகளுக்கு ஏழு வயது, குளிர் பட்டால் இழுப்பு வந்துவிடும்.

"மழ புடிச்சா ஒடனே வந்து ஏத்திக்கிறேன்லா. நா இருக்கேன்ல" என்று அண்ணன் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்தான். நம்பினேன். அவனே எங்களையும் தார்ப்பாயையும் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏறி அடுப்பை அணைத்தது. மகளுக்கு மூச்சு இழுத்தது. அவளைத் தூக்கினால் சின்னவனை விட வேண்டும். சேற்று மேட்டில் இருவரையும் தூக்கி ஏற முடியவில்லை. மேலே பெரிய பாதையில் ஒரு லோரி வரும் சத்தம் கேட்டது. அண்ணன்தான் என்று எழுந்து கையை ஆட்டினேன். அது நிற்காமல் போனது.

முருகனிடம் சண்டை போட்டேன். உன் பேரில்தானே சத்தியம் செய்தான், நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று அழுதேன். மகளின் உதடு நீலமானது. கோபமெல்லாம் போய்விட்டது. "அவன் வரலன்னா போறான். நீ வா முருகா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மண்பாதையில் ஒரு வேன் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் கீழே டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பிள்ளையக் குடும்மா" என்று வாங்கிக்கொண்டு, தார்ப்பாயையும் அவிழ்த்து வேனில் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னார்: "ஒங்க அண்ணன் கோசு லோடோட வந்து டீ குடிச்சாரு. மழையாச்சே, ஏரிக்குப் போன தங்கச்சிய ஏத்தியாச்சான்னு கேட்டேன். வீட்டுல விட்டுட்டேன்னாரு. வெளிய பாத்தா லோட் மேல வெறும் பிளாஸ்டிக். தார்ப்பாய் ஏரியிலன்னா நீங்களும் அங்கதானே இருக்கணும்?"

நிற்காமல் போன லோரி அவனுடையதுதான். லோடோடு மண்பாதையில் இறங்கினால் புதைந்துவிடும் என்று நினைத்தானாம்.

மகள் பிழைத்தாள். மூன்றாம் நாள் அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"தார்ப்பாய் எங்க?" என்றான்.

ஈரத்தோடு மடித்துக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று இங்கே சொன்னால் அது பொய். முருகனிடம் அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து என் வீட்டில் கற்பூரத்தில் அடித்து யாரும் சத்தியம் செய்வதில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். பொங்கலுக்கு முதல் பானைச் சோறு நானாவின் வீட்டுக்குத்தான் போகிறது.

நீங்களும் கூப்பிடுங்கள், முருகன் வருவான். எந்த வண்டியில் வருவான் என்று மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். நான் அண்ணனின் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.